டிஷ் ஒயரில் ஜிபிஎஸ் நேரம் இறங்குமா?

கேள்வியை ஒரு தடவை திரும்பச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். மொட்டை மாடியில் ஒரு ஜிபிஎஸ் டைமிங் ஆன்டெனா, சேட்டிலைட் சிக்னலிலிருந்து துல்லியமான நேரம் எடுப்பதற்கானது. அதற்குள் 28 டெசிபல் ஆம்ப்ளிஃபயர், 50 ஓம் இம்பிடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு), டிஎன்சி கனெக்டர். இரண்டு மாடி கீழே ரிசீவர், அதில் எஸ்எம்ஏ கனெக்டர். நடுவில் 30 மீட்டர் கேபிள் ஓட வேண்டும். கடைக்காரர் 'டிஷ் ஒயர்' என்று ஆர்ஜி-6ஐ நீட்டுகிறார், அது 75 ஓம். வீட்டுப் பரணில் ஆர்ஜி-58 சுருள் ஒன்று கிடக்கிறது, அது 50 ஓம். ஹாம் ரேடியோ நண்பர் எல்எம்ஆர்-400 என்ற தடித்த கேபிளுக்குக் கீழே எதையும் தொடாதே என்கிறார். எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது முறை படித்தபோது, உங்களை உறுத்துவது விலை இல்லை என்று பட்டது. 50 ஓம் என்று அச்சடித்திருக்கிற இடத்தில் 75 ஓமைச் செருகினால் நேரமே தப்பாகிவிடுமோ என்ற பயம்தான் உள்ளே இருக்கிறது.

தப்பாகாது. நல்ல ஆர்ஜி-6 வாங்குங்கள். பரணில் இருக்கும் ஆர்ஜி-58 அங்கேயே இருக்கட்டும். எல்எம்ஆர்-400 தவறான கேபிள் இல்லை, ஆனால் உங்கள் வேலைக்கு அது கடுகு தாளிக்க அண்டாவை ஏற்றுவது மாதிரி. அதில் மிச்சமாகும் பணத்தைக் கனெக்டருக்கும், கிரிம்ப் கருவிக்கும், மழைத் தண்ணீர் புகாமல் சுற்றும் டேப்புக்கும் செலவழியுங்கள். இருபது வருடமாக செல் டவர்களிலும் சப்ஸ்டேஷன்களிலும் இந்த ஆன்டெனாக்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். படித்தது எலெக்ட்ரானிக்ஸ், கற்றுக்கொண்டது பெரும்பாலும் ஏணி மேல். கேபிள் வகை தப்பாகிப் படுத்த ஜிபிஎஸ் கடிகாரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கனெக்டரால் படுத்தவற்றுக்குக் கணக்கே இல்லை.

முதலில் இழப்புக் கணக்கு. ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். அந்த இடத்தில் ஆர்ஜி-174 என்ற மெல்லிய கேபிள் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 டெசிபல் தின்னும். ஆர்ஜி-58 சுமார் 0.7. எல்எம்ஆர்-240 சுமார் 0.33. ஆர்ஜி-6 சுமார் 0.26. எல்எம்ஆர்-400 சுமார் 0.17. எல்எம்ஆர் எண்கள் தயாரிப்பாளரின் அட்டவணையை ஒட்டியவை, நம்பலாம். ஆர்ஜி எண்களைத் தோராயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ஜி-58 என்ற பெயரில் பத்து விதக் கேபிள் விற்கிறது, பத்துக்கும் பத்து இழப்பு. 30 மீட்டருக்குப் பெருக்கினால் ஆர்ஜி-174க்கு 36, ஆர்ஜி-58க்கு 21, எல்எம்ஆர்-240க்கு 10, ஆர்ஜி-6க்கு 8, எல்எம்ஆர்-400க்கு 5 டெசிபல்.

8க்கும் 5க்கும் நடுவில் 3 டெசிபல், அதாவது பாதிக்குப் பாதி சிக்னல் போகிறதே என்று உங்கள் நண்பர் சொல்வார். ஒலிபரப்புகிறவருக்கு அது சரியான கவலை. 100 வாட் அனுப்பினால் 50 வாட் கேபிளிலேயே சூடாகப் போய்விடும். இங்கே நிலைமை வேறு. வானத்திலிருந்து வரும் சிக்னல் மைனஸ் 130 டிபிஎம் அளவில், இரைச்சலுக்கு அடியில் புதைந்து வருகிறது. நமக்கு வேண்டியது சிக்னலின் பருமன் இல்லை, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். அந்த விகிதத்தை ஆன்டெனாவுக்குள் இருக்கிற முதல் ஆம்ப்ளிஃபயரே ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறது. அது சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே 28 டெசிபல் தூக்கி விடுவதால், பிறகு கேபிள் இரண்டையும் சேர்த்தே இறக்குகிறது. விகிதம் கிட்டத்தட்ட அப்படியே கீழே வருகிறது.

நீங்களே போட்டுப் பாருங்கள். ஆன்டெனாவின் இரைச்சல் எண் (அது தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலின் அளவு) 2 டெசிபல், ரிசீவரின் இரைச்சல் எண் 3 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். கேபிள் 8 டெசிபல் தின்றால், கேபிளும் ரிசீவரும் சேர்ந்து 11 டெசிபல், அதாவது 12.6 மடங்கு. அதில் 1 கழித்து, 28 டெசிபலுக்கான 631ஆல் வகுத்தால் 0.018. ஆன்டெனாவின் 2 டெசிபல் என்பது 1.585 மடங்கு. கூட்டினால் 1.603, அதாவது 2.05 டெசிபல். ஆக, ஆர்ஜி-6 உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது 0.05 டெசிபல். எல்எம்ஆர்-400 போட்டால் இதில் ஒரு பகுதி மிச்சமாகும், எந்த ரிசீவரின் திரையிலும் அது தெரியாது. இதே கணக்கில் கேபிள் 20 டெசிபல் தின்றால் 0.8 டெசிபல் கெடும். ஆம்ப்ளிஃபயரும் கேபிளும் சமமாகி 28 டெசிபல் தின்றால் 3.5 டெசிபல் கெடும், அப்போது நிஜமாகவே வலிக்கும். ஆம்ப்ளிஃபயர் இல்லாத ஆன்டெனா என்றால் கேபிளின் 8 டெசிபல் முழுக்க நேராக நம் தலையில்தான். 'கேபிள் இழப்பு ரொம்ப முக்கியம்' என்று சொல்பவர்களும் 'முக்கியமே இல்லை' என்று சொல்பவர்களும் பெரும்பாலும் இந்த இரண்டு வேறு ஆன்டெனாக்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. ஆம்ப்ளிஃபயர் ஏற்றியதில் கேபிள் இறக்கியது போக மீதி எவ்வளவு வேண்டும் என்று ரிசீவரின் டேட்டாஷீட் சொல்லும். பல டைமிங் ரிசீவர்கள் 15 டெசிபலுக்கு மேல், 35ஐ ஒட்டிய உச்சத்துக்குள் என்று கேட்கும். உங்களுடையது 28இல் 8 போக 20. சரியான இடம். ஆர்ஜி-58 போட்டால் 7தான் மிஞ்சும், அதனால்தான் வேண்டாம் என்றேன். அதிகமானாலும் தொல்லை உண்டு. 40, 50 டெசிபல் ஆன்டெனாவை 3 மீட்டர் கேபிளில் மாட்டிவிட்டு, சேட்டிலைட் பிடிக்க மாட்டேன் என்கிறதே என்று தலையைச் சொறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரிசீவரின் முன்பக்கம் திணறிப்போகிறது. சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் ஒன்றை நடுவில் போட்டால் சரியாகிவிடும். ஆன்டெனாவின் ஆம்ப்ளிஃபயருக்கு ரிசீவரிலிருந்து இதே கேபிளில்தான் டிசி கரன்ட் ஏறுகிறது, ஆகவே அது டிசி கடத்தும் வகையாக இருக்க வேண்டும்.

அடுத்து அந்த 75 ஓம். 50 ஓமும் 75 ஓமும் சேருமிடத்தில் மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பிப் போகும். பவரில் அது 4 சதவீதம், டெசிபலில் 0.18. இரண்டு முனைக்கும் சேர்த்தாலும் அரை டெசிபல் ஆகாது, அதுவும் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால். இந்தப் பொருத்தக் குறைவைச் சொல்லும் விஎஸ்டபிள்யூஆர் கணக்கில் (1 என்றால் முழுப் பொருத்தம்) இது 1.5. உங்கள் ஆன்டெனாவின் டேட்டாஷீட்டை எடுத்து அதே வரியைப் பாருங்கள். 2 வரை அனுமதித்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 50 ஓம் என்று அச்சடித்திருப்பதாலேயே அது கறாராக 50 ஓம் ஆகிவிடாது. பழைய டெலிகாம் சாமான்களோடு சந்தைக்கு வந்து, வீட்டு லேப் வைத்திருப்பவர்கள் கையில் உலவும் டிரிம்பிள் தண்டர்போல்ட் கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். அதன் ஆன்டெனா நுழைவே டிவியில் வருகிற அதே எஃப் கனெக்டர்தான். 75 ஓம் கேபிள் போடுவது ஏழை வீட்டு வைத்தியம் இல்லை, தயாரிப்பாளர்களே தெரிந்து தேர்ந்தெடுத்த வழி.

நேரத்தை அது கெடுக்குமா என்றால், கெடுக்கக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. கீழ் முனையில் பட்டுத் திரும்பிய சிக்னல் மேலே போய், அங்கேயும் பட்டு மறுபடி கீழே வரும். அந்த எதிரொலி அசலைவிட 240 நானோசெகண்டு தாமதமாக வரும். ஆனால் இரண்டு தடவை பட்டுத் திரும்பியதில் 28 டெசிபல், கூடுதலாகக் கேபிளில் ஒரு முறை ஏறி இறங்கியதில் 16 டெசிபல், மொத்தம் 44 டெசிபல் மெலிந்து வரும். அசலின் பவரில் இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கு. ஆன்டெனாவும் ரிசீவரும் இன்னும் கொஞ்சம் மோசமாக இருந்தால் இந்த எண் மாறும், என்றாலும் விளைவு சில நானோசெகண்டுக்குள் நிற்கும். அதைவிட முக்கியமானது, இந்த எதிரொலி எல்லா சேட்டிலைட்டுக்கும் ஒரே மாதிரி வருகிறது. மாடிக் கைப்பிடிச் சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டு வரும் எதிரொலி அப்படியில்லை. சேட்டிலைட் நகர நகர அது ஆடும். கேபிளின் எதிரொலி ஒரு நிலையான பிழையாகக் கேபிள் தாமதத்தோடு கலந்துவிடும். பயப்படுவதானால் கைப்பிடிச் சுவருக்குப் பயப்படுங்கள். ஆன்டெனாவைச் சுவருக்கும் தண்ணீர் டேங்குக்கும் மேலே தலை தெரிகிற மாதிரி ஒரு குழாயில் தூக்கி வையுங்கள். ஒரு மீட்டர் உயரம் செய்கிற நல்லதை எந்தக் கேபிளும் செய்யாது. அந்த ஆன்டெனா ஏன் கூம்பாக இருக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். குளிர் நாடுகளில் பனி நிற்காமல் வழிவதற்கு. நமக்குக் காகம் உட்காராமல் இருப்பதற்கு.

ஆர்ஜி-6 வாங்கும்போது ஒரு சங்கடம் உண்டு. மலிவான டிஷ் ஒயரில் பின்னல் கம்பி பேருக்கு நாலு இழை இருக்கும். கடையிலேயே அரை அங்குலம் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே ஃபாயில், மேலே அடர்த்தியான பின்னல், முடிந்தால் அதற்கு மேல் இன்னொரு ஃபாயில் இருக்க வேண்டும். பக்கத்தில் செல் டவர் இருந்தால் இது இன்னும் முக்கியம். நடுக் கம்பி முழுச் செம்பா, செம்பு பூசிய ஸ்டீலா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஜிபிஎஸ் அலைவரிசையில் மின்சாரம் கம்பியின் மேல்தோலில் சுமார் 1.7 மைக்ரோமீட்டர் ஆழத்தில்தான் ஓடும், உள்ளே ஸ்டீல் இருந்தாலும் அதற்குத் தெரியப்போவதில்லை. டிசிக்குத்தான் வித்தியாசம். ஸ்டீல் கம்பி 30 மீட்டருக்கு 3 ஓம் அளவில் வரும். ஆன்டெனா 30 மில்லிஆம்ப் எடுத்தால் 0.1 வோல்ட் விழும். 5 வோல்ட் ஆன்டெனாவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 3.3 வோல்ட்டில் ஓடுகிறதென்றால், அது குறைந்தபட்சம் எத்தனை வோல்ட் கேட்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முழுச் செம்பு கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குறையில்லை.

இனி கனெக்டர். வேலை முழுக்க இங்கேதான். ஆர்ஜி-6இன் பின்னல் பெரும்பாலும் அலுமினியம். சோல்டர் பிடிக்காது. ஆகவே அதில் டிஎன்சியையோ எஸ்எம்ஏவையோ நேராக ஏற்ற முயலாதீர்கள், அளவும் ஒத்துவராது. இரண்டு முனையிலும் எஃப் கனெக்டர் போட்டு, மேலே எஃப்பிலிருந்து டிஎன்சிக்கு ஒரு அடாப்டர், கீழே எஃப்பிலிருந்து எஸ்எம்ஏவுக்கு ஒரு அடாப்டர். அடாப்டருக்கு 0.1 டெசிபல் போகும், போகட்டும். எஃப் கனெக்டரில் மூன்று ஜாதி. திருகி மாட்டுவதைத் தொடாதீர்கள். அது வீட்டு டிவிக்கு ஆறு மாதம் தாங்கும், மாடிக் காற்றில் ஆறு வாரத்தில் தளரும். அறுகோணக் கிரிம்ப் பரவாயில்லை. கம்ப்ரெஷன் வகைதான் வேண்டும், அதற்கான கருவியோடு. கருவியின் விலை உறுத்தினால், டிஷ் மாட்டுகிற தம்பியிடம் ஒரு மணி நேரம் இரவல் கேளுங்கள்.

மாட்டும் விதம். வெளி உறையை ஏறக்குறைய 13 மில்லிமீட்டருக்கு உரித்து, அதில் பாதி நீளத்துக்கு நடுக் கம்பி வெறுமையாக நிற்கும்படி வெள்ளை நுரையை வெட்டுங்கள். நுரையோடு ஒட்டிய ஃபாயிலைத் தொட வேண்டாம். பின்னலை மட்டும் வெளி உறையின் மேல் திருப்பி மடியுங்கள். இப்போது வெளிச்சத்தில் பிடித்து நடுக் கம்பியின் அடியைப் பாருங்கள். முடி மாதிரி ஒரே ஒரு பின்னல் இழை அங்கே தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும், ரிசீவர் 'ஆன்டெனா ஷார்ட்' என்று கத்தும். கனெக்டருக்குள் வெள்ளை நுரை உள்தளத்தோடு சமமாக வந்து நிற்கும் வரை அழுத்தித் தள்ளுங்கள். நடுக் கம்பி விளிம்பைத் தாண்டி 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் அடாப்டருக்குள் எட்டாது. எட்டியும் எட்டாமலும் இருந்தால் இன்னும் மோசம். வெயிலில் சேரும், இரவில் பிரியும். அந்த மாதிரிக் கோளாறைக் கண்டுபிடிக்க நான் ஒரு டவரில் மூன்று இரவு உட்கார்ந்திருக்கிறேன்.

எஸ்எம்ஏ பக்கம் ஒரு பொறி. வைஃபை சாமான்களில் வருவது ரிவர்ஸ் போலாரிட்டி எஸ்எம்ஏ. மரை ஒன்றே, சுழற்றினால் அழகாக ஏறி இறுகும். உள்ளே பார்த்தால் இரண்டு பக்கமும் ஓட்டை, ஊசியே இல்லை. டிசியும் போகாது, சிக்னலும் வராது, 'ஆன்டெனா ஓபன்' என்று அலாரம் வரும். அடாப்டர் வாங்கும்போது உள்ளே ஊசியைப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, ஆர்ஜி-6 ஆனாலும் அந்த எல்எம்ஆர்-400 ஆனாலும் கனத்த கேபிளை நேராக ரிசீவரின் எஸ்எம்ஏவில் தொங்கவிடாதீர்கள். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேபிள் நெம்புகோல் மாதிரி வேலை செய்து போர்டிலிருந்து சாக்கெட்டைப் பிடுங்கிவிடும். சுவரில் ஒரு கிளிப் அடித்து எஃப் இணைப்பை அங்கே நிறுத்தி, அங்கிருந்து ரிசீவருக்கு ஒரு சாண் மெல்லிய கேபிள் கொடுங்கள். அந்த ஒரு சாணுக்கு ஆர்ஜி-174 கூடப் போதும்.

இப்போது தண்ணீர். கடலோர சப்ஸ்டேஷன் ஒன்றில், ஒவ்வொரு ஐப்பசியிலும் ஜிபிஎஸ் கடிகாரம் படுத்துவிடும். தை பிறந்தால் தானாக எழுந்துவிடும். ரிசீவரை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். நான் போய் மேல் கனெக்டரை அவிழ்த்தேன். அதைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப், வெயிலில் பசை உருகி வழிந்திருந்தது. உள்ளே பின்னல் பச்சைப் பொடியாகிக் கிடந்தது. கேபிளை ஒரு முழம் கீழே வெட்டினேன், வெட்டிய இடத்திலும் பச்சை. இன்னொரு முழம் கீழே வெட்டினேன். உறைக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. கனெக்டர் வழியாகப் புகுந்த மழை, பின்னலைத் திரியாகப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இறங்கியிருக்கிறது. அந்தக் கேபிள் பேர்பெற்ற, விலையுயர்ந்த 50 ஓம் கேபிள்தான். மேலே இருபது ரூபாய் டேப் சரியாக இல்லை, அவ்வளவுதான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். தன்மேல் தானே ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் டேப் கிடைக்கும், செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் என்று கேளுங்கள். அதை அகலம் பாதியாகும் அளவுக்கு இழுத்து, கேபிளின் கீழ்ப்பக்கம் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். ஓடு வேய்வது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிய வேண்டும், அப்போதுதான் தண்ணீர் மடிப்புக்குள் போகாமல் வழியும். ரப்பருக்கு வெயில் ஆகாது, ஆகவே அதன் மேல் நல்ல பிவிசி டேப் ஒரு சுற்று. சிலிக்கோன் பூசலாமா என்று கேட்பார்கள். காடி வாசம் அடிக்கும் சிலிக்கோன் காயும்போது அசெட்டிக் அமிலத்தை விடும், அது செம்பை அரிக்கும். வேண்டாம். உங்கள் ஆன்டெனாவில் கனெக்டர் அடிப்பக்கம் குழாய்க்குள் மறைந்து நிற்கும் வகையாக இருந்தால் பாதி வேலை மிச்சம். ஆனால் குழாயின் கீழ் வாயை அடைக்காதீர்கள், வியர்க்கிற தண்ணீர் வெளியேற வழி வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் அதை 'ப' வடிவில் ஒரு தொய்வு விட்டு ஏற்றுங்கள். வழிந்து வரும் மழை அந்தத் தொய்வின் அடியில் சொட்டிவிடும், சுவர் ஓட்டைக்குள் வராது. நடுவழியில் ஜாயின்ட் போடவே வேண்டாம், ஒரே துண்டாக ஓட்டுங்கள்.

கேபிள் தாமதத்தை ரிசீவரில் எழுத வேண்டும் என்று எங்கோ படித்திருப்பீர்கள். நுரை வைத்த கேபிளில் சிக்னல் ஒளியின் வேகத்தில் 82 முதல் 85 சதவீதத்தில் ஓடும், மீட்டருக்கு 4 நானோசெகண்டு. கெட்டி பாலிஎத்திலீன் வைத்த ஆர்ஜி-58இல் 66 சதவீதம், மீட்டருக்கு 5. உங்கள் 30 மீட்டர் ஆர்ஜி-6க்கு 120 நானோசெகண்டு வரும். சதவீதம் சரியாகத் தெரியாததால் வரும் தடுமாற்றம் 4 நானோசெகண்டு. யு-பிளாக்ஸ் டைமிங் ரிசீவர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே 50 நானோசெகண்டு என்று வைத்துக்கொண்டுதான் வருகின்றன. அதை அப்படியே விட்டால் உங்கள் பிபிஎஸ் துடிப்பு, அதாவது ரிசீவர் நொடிக்கு ஒரு முறை கொடுக்கும் துடிப்பு, 70 நானோசெகண்டு பிந்தி வரும். மாற்றி எழுதுங்கள். அளந்தே தீர வேண்டும் என்று கை துறுதுறுத்தால் அதுவும் சுலபம். கேபிளை ஆன்டெனாவில் மாட்டும் முன்பே, ரிசீவரின் பிபிஎஸ் வெளியீட்டில் 75 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, டி-இணைப்பு வழியாக ஆசிலோஸ்கோப்புக்கும் கேபிளுக்கும் கொடுங்கள். கேபிளின் மறுமுனை திறந்திருக்கட்டும். திரையில் துடிப்பு பாதி உயரம் ஏறி, கொஞ்ச நேரம் நின்று, மீதிப் பாதி ஏறும். நின்ற நேரத்தில் பாதிதான் கேபிள் தாமதம்.

ஆனால் இந்த 120 நானோசெகண்டு உங்களுக்குத் தேவையா என்பதையும் யோசியுங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் ஃப்ரீக்வென்சிதான் வேண்டும் என்றால் தேவையே இல்லை. நிலையான தாமதம் ஃப்ரீக்வென்சியைத் தொடாது. வீட்டில் கம்ப்யூட்டர்களுக்கு நேரம் கொடுக்கும் என்டிபி சர்வர் என்றால் அதன் தடுமாற்றமே மைக்ரோசெகண்டுகளில் இருக்கும். மின்கட்டத்தில் ஃபேசர் அளக்கும் கருவிகளுக்கு அனுமதிக்கும் 1 சதவீதப் பிழை முழுவதையும் நேரத்துக்கே ஒதுக்கினாலும் 50 ஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 32 மைக்ரோசெகண்டு. செல்போன் நெட்வொர்க்குகளில், ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பி வாங்கும் டிடிடி வகைக்கு வைத்திருக்கும் எல்லை கூட்டியோ குறைத்தோ 1.5 மைக்ரோசெகண்டு. இவற்றுக்கு முன்னால் கேபிள் தாமதம் சில்லறை. பத்து நானோசெகண்டுக்குள் சரியான நேரம் வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும்தான் கேபிளோடு ஆன்டெனாவின் சொந்தத் தாமதமும் ரிசீவரின் உள்தாமதமும் சேர்ந்து முக்கியமாகின்றன. அதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. இந்திய நேரத்தைப் பராமரிக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற இடங்களில் அளவெடுத்த ரிசீவரோடு ஒப்பிட்டால்தான் உண்டு.

வெயிலில் கேபிள் சூடேறித் தாமதம் மாறுமே என்று அடுத்த கேள்வி வரும். மாறும். 30 மீட்டரில் பகலுக்கும் இரவுக்கும் நடுவே ஒரு நானோசெகண்டை ஒட்டி இருக்கும். இது எண்ணின் பருமன் மட்டும்தான், கேபிளுக்குக் கேபிள் மாறும், உங்களுடையதற்கு இவ்வளவு என்று கையடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் இருப்பது பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே அதற்காகத்தான். இங்கே பகலில் அயனி மண்டலம் தடித்துக் கிடக்கும். அதிலுள்ள எலெக்ட்ரான்களை அளக்கும் டெக் அலகில் 100 வரை ஏறினால், தலைக்கு நேர் மேலே இருக்கும் சேட்டிலைட்டுக்கே 54 நானோசெகண்டு தாமதம் வரும். எல்1 மட்டும் கேட்கும் ரிசீவர், சேட்டிலைட் அனுப்பும் மாதிரிக் கணக்கை வைத்து அதில் ஏறக்குறைய பாதியைத்தான் திருத்தும். வானம் பத்து இருபது நானோசெகண்டு ஆட்டம் காட்டும் இடத்தில் கேபிளின் ஒரு நானோசெகண்டுக்காக விலையுயர்ந்த கேபிள் வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அந்தப் பணத்தை இரண்டு அலைவரிசை கேட்கும் ரிசீவரில் போடலாம். பின்னால் நம் நாட்டின் சொந்த வழிகாட்டி சேட்டிலைட்டுகளான நாவிக் பக்கம் போக நினைத்தாலும் இதே கேபிள் போதும். அதன் எல்5 1176.45 மெகாஹெர்ட்ஸ், அங்கே இழப்பு இன்னும் குறைவு. எஸ் பேண்ட் 2492 மெகாஹெர்ட்ஸில் மட்டும் கால் பங்கு கூடும். ஆன்டெனாவைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

இடிக்கு ஒரு கேஸ் டிஸ்சார்ஜ் வகை சர்ஜ் அரெஸ்டரைக் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் போட்டு, அதைக் கட்டடத்தின் எர்த்தில் சேருங்கள். வாங்கும்போது அது டிசியைக் கடத்துமா என்று கேளுங்கள். கால் அலைநீள ஸ்டப் வகை டிசியை எர்த்துக்கே ஷார்ட் செய்துவிடும், ஆன்டெனாவுக்குக் கரன்ட் போகாது. பக்கத்தில் விழும் இடிக்கு இது உதவும். ஆன்டெனா மேலேயே விழுந்தால் எதுவும் உதவாது. உங்கள் கட்டடத்து எர்த் எப்படி இருக்கிறது என்பதை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வது சரியாக இருக்காது, எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து அளந்துவிடுங்கள்.

ஆர்ஜி-6 போடுவதில் எனக்குத் தெரிந்து உண்மையான ஆபத்து ஒன்றே ஒன்று, அது மனிதர்களால் வருவது. சுவரில் எஃப் கனெக்டர் தெரிந்தால் யாராவது ஒருநாள் செட்டாப் பாக்ஸை அதில் மாட்டுவார்கள். செட்டாப் பாக்ஸ் டிஷ்ஷுக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்பும். 5 வோல்ட் ஆன்டெனா அந்த நொடியே போய்ச் சேரும். அதேபோல, ஒரு ஆன்டெனாவை இரண்டு ரிசீவருக்குப் பிரிக்க நினைத்தால் கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர் ஆகாது. அதன் எல்லை பெரும்பாலும் 1000 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். 950 முதல் 2150 வரை எழுதியிருக்கும் டிஷ் ஸ்ப்ளிட்டர் வேண்டும், அதிலும் ஒரு வாய் மட்டும் டிசி கடத்துவதாக இருக்க வேண்டும்.

ஒருவேளை 30 மீட்டர் என்பது நாளை 100 மீட்டர் ஆனால், கேபிளைத் தடிமனாக்கிக்கொண்டே போகாதீர்கள். ஆன்டெனாவும் ரிசீவரும் ஒரே கூட்டில் இருக்கும் வகை கிடைக்கிறது. அதை மாடியில் வைத்து, பிபிஎஸ்ஸை ஆர்எஸ்-422இல் முறுக்கிய ஜோடிக் கம்பியில் இறக்கிவிடலாம். நீங்கள் கேட்ட தூரத்துக்கு அது தேவையில்லை.

மாட்டி முடித்ததும் ஆன்டெனாவை இணைக்கும் முன் கேபிளின் மேல் முனையில் மல்டிமீட்டர் வைத்து 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். இணைத்த பிறகு ரிசீவரின் திரையில் தலைக்கு மேல் இருக்கும் சேட்டிலைட்டுகளின் சிக்னல்-இரைச்சல் அளவு 45 டெசிபல்-ஹெர்ட்ஸைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் வேலை முடிந்தது. அந்த எண்களையும், தேதியையும், '120 நானோசெகண்டு, டிஷ் இல்லை, செட்டாப் பாக்ஸ் மாட்டாதே' என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கேபிளின் கீழ் முனையில் கட்டிவிடுங்கள். முதல் பெருமழை பெய்த மறுநாள் அந்த எண்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். 3 டெசிபல் குறைந்திருந்தால் ரிசீவரைத் திறக்க வேண்டாம், நேராக மாடி ஏறி டேப்பைப் பிரியுங்கள்.